பத்து செக்கன் புகை

நியூசிலாந்துக்கு வந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்த ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. 'வொரண்ட்'. 1999ம் ஆண்டின் கடைசி. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். ஒக்லாண்ட், மவுண்ட் றொஸ்கிலில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு பழைய கார். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்களுடைய வொரண்ட் முடிந்துவிட்டது, தெரியுமா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் வொரண்ட் என்றால் பிடியாணை. யாருடைய பேரில், எந்த நாட்டுப் பொலிஸ் என்று ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "முடிஞ்சுது எண்டால் நல்லதுதானே?"

கிழவர் சொன்னது காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னத் துண்டைப் பற்றி. வாகனம் வீதியில் ஓடத் தகுதியானது என்று பரிசோதித்துக் கொடுக்கும் சான்றிதழுக்குத்தான் இங்கே வொரண்ட் என்று பெயர். இது 1937ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நியூசிலாந்துக்காரர் இதில் உலகத்துக்கு முன்னோடிகள் என்றுதான் சொல்லவேண்டும். பிரேக், ஸ்ரியறிங், லைற், ரயர், துருப்பிடித்த உடம்பு எல்லாம் பார்ப்பார்கள். புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் குழாயால் என்ன வருகிறது என்பதைப் பார்க்க அவர்களுக்குக் கிட்டத்தட்ட எழுபது வருசம் எடுத்தது. அந்த எழுபதாவது வருசத்தில் நானும் என்னுடைய வானும் அகப்பட்டோம். அதனால்தான் இந்தக் கதை எனக்கு இவ்வளவு விபரமாகத் தெரியும்.

புகை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒக்லாண்ட் அல்ல, யாழ்ப்பாணம். 1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு பெற்றோல் எங்களுக்கு மருந்து மாதிரி ஆகிவிட்டது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராது. வந்த கொஞ்சமும் தங்கவிலை. அப்பா வாடகைக் கார் ஓடினவர், ஒரு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். அதை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினார்கள். சேலைன் குழாய் பொருத்திய ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். அதிலிருந்து காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறும் மட்டும் உறுமவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில் ஆவியாகாது. பாதி எரிந்தும் பாதி எரியாமலும் வெளியே வரும். பிளக் கரிபிடிக்கும், எரியாத எண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும். மொரிஸ் மைனர், சோமசெற், மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்படித்தான் ஓடின. ஒரு கார் போய்க் கனநேரத்துக்குப் பிறகும் ஒழுங்கையில் அந்த மணம் நிற்கும். நாங்கள் அதைப் புகை என்று பார்க்கவேயில்லை. வாகனம் ஓடுகிறது என்பதற்கான அடையாளமாகத்தான் பார்த்தோம். குண்டு போடும் விமானத்துக்குக் கீழே நின்று நுரையீரலைப் பற்றி யார் யோசித்தார்கள்?

இந்த மனநிலையோடு வந்தவன், புகைக்கும் வான் ஒன்றை வாங்கியதில் அதிசயம் இல்லை.

2002ல் இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை எடுத்திருந்தேன். வக்கூம் கிளீனர்களும் வாளிகளும் ஏற்ற ஒரு வான் தேவைப்பட்டது. 1980களின் கடைசியில் செய்த ஜப்பான் டீசல் வான் ஒன்றை ஒரு தமிழ்ப் பொடியனிடமிருந்து மலிவாக வாங்கினேன். இந்த வான் இங்கே வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு நாட்டின் வரலாறே இருக்கிறது.

ஒருகாலத்தில் நியூசிலாந்து தன் கார்களைத் தானே பொருத்தியது. வெளிநாட்டுக் காருக்குக் கடும் வரி. 1980களின் பிற்பகுதியில் சந்தையைத் திறந்துவிட்டபோது ஜப்பானில் ஓடிப் பழசான கார்கள் கப்பல் கப்பலாக ஒக்லாண்ட் துறைமுகத்தில் வந்து இறங்கின. ஜப்பானில் 'ஷாகென்' என்று ஒரு பரிசோதனை உண்டு. புதுக் காருக்கு மூன்று வருசத்தில், பிறகு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை. செலவு கூடியது. அதற்குப் பயந்தே பல ஜப்பானியர் காரை விற்றுவிடுவார்கள். நாங்கள் வாங்குவோம். அங்கும் இங்கும் இடதுபக்கம் ஓட்டுவதால் ஒரு திருத்தமும் தேவையில்லை. 1998ல் இறக்குமதி வரி முற்றாக எடுபட்டது. தென் ஒக்லாண்ட் விரியில் இருந்த நிசான் தொழிற்சாலை உட்படக் கார் பொருத்தும் தொழிற்சாலைகள் எல்லாம் அதே வருசம் மூடுப்பட்டன. வேலை இழந்தவர்களுக்கு அது பெரிய அடி. எங்களைப் போல வந்து இறங்கியவர்களுக்கோ ஆயிரம் இரண்டாயிரம் டொலருக்குக் கார் கிடைத்தது. இரண்டும் உண்மை.

ஆனால் புகை பற்றிய சட்டம்? 2003ல் ஒரு விதி எழுதி 2004ல் நடைமுறைக்குக் கொண்டுவரும் வரை, உள்ளே வரும் வாகனத்தின் புகைக்கு இந்த நாட்டில் சொல்லத்தக்க கட்டுப்பாடு இருக்கவில்லை. எண்ணெயின் நிலையும் அப்படித்தான். ஈயம் இல்லாத பெற்றோல் இங்கே வந்தது 1987ல். ஈயம் முற்றாக ஒழிந்தது 1996ல். ஈயம் இருந்தால் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் பழுதாகிவிடும். அமெரிக்காவில் 1975 மொடல் கார்களிலேயே அதைப் பூட்டத் தொடங்கிவிட்டார்கள். டீசல் இன்னும் மோசம். 1990களில் நியூசிலாந்து டீசலில் பத்து லட்சத்துக்கு 3000 பங்கு மட்டும் கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. 'சுத்தமான பச்சை நியூசிலாந்து' என்று விளம்பரம் செய்த நாட்டில்! தீவு நாடு, கடல் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை முதலில் ஆட்டியது ஒரு எண். 2002ல் வெளிவந்த ஒரு ஆய்வு, வாகனப் புகையால் நாட்டில் வருசத்துக்கு 399 பேர் காலத்துக்கு முந்தி இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் ஒக்லாண்ட் பகுதியில். அந்தக் காலத்தில் வீதி விபத்தில் வருசத்துக்குச் செத்தவர்களும் நானூறு சொச்சம்தான். விபத்துக்குப் பயந்து 1937இலிருந்து பிரேக்கைச் சோதித்த நாடு, அதேயளவு பேரைக் கொல்லும் குழாயைச் சோதிக்கவில்லை.

ஒக்லாண்ட் பிராந்திய சபை சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2000ம் ஆண்டில் புகைக்கும் வாகனத்தைக் கண்டால் இலக்கத்தகட்டைச் சொல்லுங்கள் என்று இலவச ரெலிபோன் இலக்கம் ஒன்று வைத்தார்கள். (எங்கள் வீட்டில் இதைக் கேட்டு ஒருவன், "இஞ்சையும் காட்டிக்குடுக்கிற வேலையோ" என்றான்.) 2001ல் 'பத்து செக்கன் விதி' வந்தது. தொடர்ந்து பத்து செக்கனுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் புகை விட்டால் பொலிஸ் தண்டம் எழுதலாம். கைபர் பாஸ் வீதி ஏற்றத்தில் என் வான் விட்ட புகையை நான் கண்ணாடியில் பார்த்து எண்ணியிருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழில் காலை எடுத்துவிடுவேன். பிறகு மறுபடி ஒன்று. சட்டத்தை மீறாமல் ஏற்றம் ஏற நான் கண்டுபிடித்த வழி. பின்னால் வந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வதும் தெரியும். ஒருநாள் சிவப்பு லைற்றில் ஒரு பெண் பக்கத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எரியூட்டுகிற சூளையைப் பார்ப்பதுபோல வானைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

2003 ஏப்ரலில்தான் உண்மையான அளவெடுப்பு நடந்தது. அமெரிக்காவில் டென்வர் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்ரெட்மன் என்ற இரசாயனப் பேராசிரியர் 1980களின் பிற்பகுதியில் ஒரு கருவி செய்திருந்தார். வீதியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் பாயும். கார் கடந்துபோனதும் அதன் பின்னால் மிதக்கும் புகை அந்த ஒளியில் எவ்வளவை விழுங்குகிறது என்று அரைச் செக்கனில் அளந்துவிடும். கமரா இலக்கத்தகட்டைப் படம் எடுக்கும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. ஒக்லாண்டில் பல இடங்களில் இதை வைத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்களை அளந்தார்கள். வேறு நாடுகளில் கண்டதுதான் இங்கும் கண்டது. மிக மோசமான பத்திலொரு பங்கு வாகனங்கள்தான் கார்பன் மொனொக்சைட்டிலும் எரியாத எண்ணெய் வாயுக்களிலும் ஏறக்குறைய பாதியை விட்டன.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் பத்தில் ஒன்று முழுவதும் பழைய வாகனம் அல்ல. பழைய வாகனங்கள் அதிகம்தான். ஆனால் ஒழுங்காகப் பார்த்த பழைய கார் சுத்தமாக ஓடும், பழுதான புதுக் கார் ஊத்தையாக ஓடும். ஆகவே வயதை வைத்துத் தடை செய்வது நியாயம் இல்லை. ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் நியாயம். அரசாங்கமும் அந்த வழியைத்தான் முதலில் எடுத்தது. வொரண்டோடு சேர்த்துக் கருவியால் புகையை அளப்பது என்ற திட்டத்தை அறிவித்து, முன்னோடியாக ஒரு பரீட்சார்த்தமும் நடத்தினார்கள்.

இந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கூடும் இடமெல்லாம் இதே கதை. பிறந்தநாள் வீட்டில், சாவீட்டில், சண்ட்றிங்கம் கடைத்தெருவில். "உது வந்தால் எங்கட வாகனத்தில பாதி மூலைக்குள்ளதான்." நானும் பலமாகத் தலையாட்டினேன். பத்திரிகை விவாதங்களிலும் இந்தக் குரல் கேட்டது: சோதனையில் தோற்பது தென் ஒக்லாண்டின் ஏழைகள், பசிபிக் தீவுக்காரர், மாவோரிகள், புதிதாக வந்தவர்கள். அவர்கள் காரைத் திருத்தக் காசுக்கு எங்கே போவது? எங்களைப் பற்றிக் கதைக்க இந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு மனம் நிறைந்தது.

பரீட்சார்த்தத்தின் முடிவு சோதனைக்குச் சாதகமாக வரவில்லை. நிற்கும் காரின் குழாயில் கருவியை விட்டு அளக்கும் எளிய முறை, உருளையில் ஓடவிட்டு ஆய்வுகூடத்தில் அளக்கும் முறையோடு நன்றாக ஒத்துப்போகவில்லை. அதில் உண்மை உண்டு. நிற்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் எஞ்சின் ஏற்றத்தில் சுமையோடு போகும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். நைதரசன் ஒக்சைட்டுகள் அப்போதுதான் அதிகம் உண்டாகும். செலவுக்கேற்ற பலன் இல்லை என்று கருவிச் சோதனையைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் 2006 ஒக்ரோபரில் தொடங்கிய புகைப் பார்வை. எஞ்சின் சூடான பிறகு முதலில் சும்மா ஓடவிட்டு, பிறகு நிமிசத்துக்கு 2500 சுற்று அளவுக்கு உறுக்கி, பின்னால் நின்று பரிசோதகர் தன் கண்ணால் பார்ப்பார். தெளிவாகப் புகை தெரிந்தால் வொரண்ட் இல்லை. அவ்வளவுதான்.

கண்ணால்தானே என்று எனக்குப் பெரிய ஆறுதல். அதற்கும் மேலே, நான் வொரண்டுக்குப் போகும் கராஜில் பரிசோதகராக இருந்தவர் பருத்தித்துறை அண்ணை ஒருவர். அப்பாவுக்கும் அவரைத் தெரியும். தடைக்காலத்தில் காரையும் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொடுத்ததில் பேர்போனவர். புகையை அவரைவிட அறிந்தவர் இந்த ஊரில் இல்லை. கறுப்பென்றால் எரிபொருள் கூடிப்போச்சு, காற்றுக் காணாது. நீலமென்றால் எஞ்சின் ஒயில் எரியுது. வெள்ளையென்றால் தண்ணி, இல்லாட்டி எரியாத டீசல். இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லித்தந்த பாடம்தான்.

டிசம்பர் மாதம் என் முறை வந்தது. முதல்நாள் ஒரு போத்தல் மருந்து வாங்கி டீசலுக்குள் விட்டேன். அன்று காலை வானை மோட்டார்வேயில் பொம்பே மலை மட்டும் விரட்டிக்கொண்டுபோய்த் திரும்பினேன். உள்ளே கிடந்த கரியெல்லாம் வழியில் கொட்டுப்பட்டுவிடும் என்பது கணக்கு. (இந்தத் தந்திரத்தை நான் மட்டும் செய்யவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.) அண்ணை பிரேக்கைப் பார்த்தார், லைற்றைப் பார்த்தார், ஒரு பகிடியும் விட்டார். பிறகு எஞ்சினை உறுக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். கண்ணாடியில் அவர் கால் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் முறையும் உறுக்கச் சொன்னார். பிறகு வந்து, "நிப்பாட்டும்" என்றார்.

"என்னண்ணை?"

"ஏலாது தம்பி. இஞ்செக்டர் நாலும் போட்டுது. பம்பையும் பாக்கோணும்."

"இந்த முறை மட்டும் விடுங்கோவன். ரண்டு மாசத்தில செய்யிறன்."

"நாலு வரியமாச் செய்யிறன் எண்டுதானே சொல்லுறீர்."

ஊர்க்காரன் என்றும் பாராமல், அப்பாவைத் தெரிந்திருந்தும், வேலைக்கு வான் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசியாமல் 'தோல்வி' என்று எழுதித் தந்தார். நான் அவரிடம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத ஏலாது. "மண்ணெண்ணெயில காரோட்டினவர் எனக்குப் புகையைப் பற்றிப் பாடம் நடத்த வந்திட்டார்" என்பது அதில் நல்ல வார்த்தை. அவர் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போனார். அதற்குப் பிறகு எட்டு மாதம் நாங்கள் கதைக்கவில்லை.

திருத்தக் கேட்ட காசு வானின் விலையை விடக் கூட. கழிவுக்காரனுக்குக் கொடுத்தேன். அடுத்த வருசம், 2007ல், ஒக்லாண்டில் ஒரு பரீட்சார்த்தம் நடந்தது: பழைய வாகனத்தைக் கழிவுக்குக் கொடுத்தால் பஸ், ரயில் ரிக்கற் இலவசம். சில மாதம் பொறுத்திருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும் என்று மனைவி சொன்னாள். கிடைத்து என்ன? இரவு ஒரு மணிக்கு நான்கு வக்கூம் கிளீனரோடு எந்த பஸ்ஸில் ஏறுவது? நல்ல மனசோடு செய்த திட்டங்களுக்கும் சிலவேளை இரவு வேலைக்காரரைத் தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை அரைகுறை. என் மகள் 2002ல் இங்கே பிறந்தவள். மூன்று வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. நியூசிலாந்தில் ஆஸ்துமா அதிகம், ஈரமான வீடுகள், பூந்தூள், எத்தனையோ காரணம். எந்த வைத்தியரும் என் வான்தான் காரணம் என்று சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். ஒருநாள் இரவு அவசரமாகக் கொண்டுபோனபோது வைத்தியர் கேட்டார், "வீட்டில் யாராவது புகை பிடிப்பதுண்டா?" "இல்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். நான் சிகரெட்டைத் தொட்டதில்லை.

அப்போது நாங்கள் இருந்த வீட்டின் கராஜ், படுக்கையறைக்கு நேர் கீழே. பின்னேரம் வேலைக்குப் போகுமுன் குளிர்காலத்தில் பத்து நிமிசம் வானை உள்ளே வைத்தே சூடேற்றுவேன். அப்பாவிடம் பழகியது. மேலே அவள் விளையாடிக்கொண்டிருப்பாள். வைத்தியர் கேட்ட கேள்விக்கும் கீழே நின்ற வானுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எனக்கு உறைத்தது, வானைக் கொடுத்து, காலியான கராஜின் சுவரைக் கழுவியபோது. வாளித்தண்ணி கறுப்பாக ஓடியது. மேல்தட்டிலும் கறுப்பு. மூன்றுதரம் தண்ணி மாற்றினேன். 2012ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது என்று வாசித்தபோது அந்த வாளித்தண்ணிதான் கண்முன் வந்தது.

எட்டாம் மாதம் நானாகவே கராஜுக்குப் போய் அண்ணையோடு கதைத்தேன்.

ஆக, கண்ணால் பார்க்கும் சோதனை ஒக்லாண்டின் காற்றைச் சுத்தமாக்கியதா? என் வானை அது வீதியிலிருந்து எடுத்தது, அது உண்மை. நாடு முழுக்கப் பார்த்தால் பெரிய வேலை செய்தது வேறு இரண்டு. ஒன்று, எண்ணெய். டீசலில் 3000 ஆக இருந்த கந்தகத்தை 2004ல் 500 ஆகவும், 2006ல் 50 ஆகவும், 2009ல் 10 ஆகவும் இறக்கினார்கள். ஐந்து வருசத்தில் முன்னூறில் ஒரு பங்கு. கந்தகம் குறைந்தால்தான் நவீன டீசலின் வடிகட்டிகள் வேலை செய்யும். மற்றது, 2008 முதல் இறுக்கிய இறக்குமதி விதி. ஜப்பானின் பழைய தரத்தில் செய்த கார்களை உள்ளே விடாமல் படிப்படியாகக் கதவைச் சாத்தியது. ரயில்களும் மாறின. 2003ல் திறந்த பிரிட்டோமார்ட் நிலையத்தின் நிலக்கீழ்த் தளத்தில் டீசல் ரயில் நின்று உறுமியதை அனுபவித்தவர்களுக்கு 2014ல் மின்சார ரயில் வந்தது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். வீதியோர ஒளிக்கருவியால் பிறகும் பல வருசங்களில் அளந்தார்கள். பெற்றோல் கார்களின் புகை நன்றாகவே குறைந்திருந்தது.

டீசலின் நைதரசன் ஒக்சைட்டுகள் மட்டும் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. ஏன் என்பதற்கு ஒரு பகுதி விடை 2015 செப்ரெம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்தது. வொக்ஸ்வாகன் கொம்பனி சோதனைக்கூடத்தில் ஒருவிதமாகவும் வீதியில் வேறுவிதமாகவும் எஞ்சினை ஓடவைக்கும் கள்ள மென்பொருளைப் பூட்டியிருந்ததை ஒப்புக்கொண்டது. பொம்பே மலைக்கு வானை விரட்டிய என் கெட்டித்தனம் எந்த மூலைக்கு!

இந்த வாயுவைக் கண்ணால் காண ஏலாது என்பதுதான் வில்லங்கம். 2022ல் வெளிவந்த புதிய ஆய்வு, 2016ம் ஆண்டு நிலவரப்படி நாட்டில் மனிதர் உண்டாக்கும் காற்று மாசால் ஏறக்குறைய 3300 பேர் காலத்துக்கு முந்தி இறக்கிறார்கள், அதில் 2200க்கு மேல் வாகனத்தால் என்றது. பெரும்பகுதி நைதரசன் டையொக்சைட். (2002ன் 399ஐயும் இதையும் நேராக ஒப்பிடக்கூடாது. முன்பு இந்த வாயுவை இப்படிக் கணக்கில் எடுக்கவில்லை.) பரிசோதகர் குழாய்க்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் அது தெரியாது. அந்தப் பார்வையையும் 2014 யூலையில் அரைவாசியாக்கினார்கள். அதுவரை ஆறு வயது தாண்டிய கார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வொரண்ட். அதற்குப் பிறகு 2000ம் ஆண்டு முதல் பதிந்த கார்களுக்கு வருசத்துக்கு ஒருமுறை ஆனது.

வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஸ்காபரோவில் இருந்தவர்கள் 1999 முதல் 'டிறைவ் கிளீன்' சோதனைக்குக் காசு கட்டியிருப்பீர்கள். 2019 ஏப்ரலில்தான் அதை நிப்பாட்டினார்கள். லண்டன்காரர் பழைய டீசலுக்கு நாள்கூலி மாதிரிக் கட்டுகிறார்கள். இலங்கையிலேயே 2008 முதல் குழாயில் கருவியை விட்டு அளக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஏலாது. அங்கே கள்ளச் சான்றிதழ் இல்லையா என்று கேட்காதீர்கள், அது வேறு கதை. ஆனால் மண்ணெண்ணெயில் கார் ஓடிய யாழ்ப்பாணத்தில் கருவி இருக்கிறது, ஒக்லாண்டில் கண் இருக்கிறது. யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

2005ல் கருவிச் சோதனையைக் கைவிட்டபோது சந்தோசப்பட்டவன் நான். இன்று என் எண்ணம் மாறிவிட்டது. ஏழைகளின் பெயரால் அதை எதிர்த்தவர்கள் எங்கள் பைக்குள் இருந்த காசைப் பற்றி யோசித்தார்கள். மோட்டார்வேக்குப் பக்கத்தில் மலிவு வாடகைக்கு இருந்து அந்தப் புகையை முதலில் விழுங்குவதும் நாங்கள்தான் என்பதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் சோதனையில் தோற்ற குறைந்த வருமானக்காரருக்குத் திருத்தவோ கழிக்கவோ அரசே காசு கொடுக்கும் திட்டம் இருக்கிறது. சோதனையையும் வைத்து, தோற்றவனுக்குக் கையும் கொடுத்திருக்கலாம். 2022ல் இங்கேயும் அப்படி ஒன்றை அறிவித்தார்கள். குறைந்த வருமானக் குடும்பம் பழைய காரைக் கழித்து நல்ல காருக்கு மாற உதவி. ஒழுங்காகத் தொடங்குமுன்பே 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். அதே வருசக் கடைசியில் புது மின்சாரக் காருக்குக் கொடுத்த கழிவும் நின்றது. ஆனால் அது இருந்த காலத்தில் புதுக் கார் வாங்க வசதி இருந்தவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள்.

போன கிழமை என் காரை வொரண்டுக்குக் கொண்டுபோனேன். இப்போது ஹைபிரிட். பரிசோதகர் ஒரு பஞ்சாபிப் பொடியன். பின்னால் போய் நின்றான், எஞ்சின் ஓடுகிறதா என்றே அவனுக்குச் சந்தேகம். "ஓகே அங்கிள்" என்று அடையாளம் போட்டான்.

அண்ணை ஓய்வுபெற்றுப் பாப்பற்றோயற்றோயில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போவேன். போன தை மாதம் அவருடைய தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது கூட்டிவர என் காரில்தான் விமான நிலையம் போனோம். வாகனத் தரிப்பிடத்தில் இறங்கியதும் காற்றில் ஒரு மணம். விமானத்துக்கு ஊற்றுவதும் ஒருவகை மண்ணெண்ணெய்தானே. அண்ணை நின்று மூக்கை நிமிர்த்தினார்.

"ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்" என்றார்.

"அப்பாவின்ரையோ?"

"ஓம். நான்தானே மாத்திக்குடுத்தனான். என்ன இருமல் இருமினவர் கொப்பர்." பிறகு, "வாரும், பிளேன் இறங்கியிருக்கும்" என்று நடக்கத் தொடங்கினார்.